தைத்தவர் பெயர் என்ன?

குளிர்காலம் வந்தால், புனே கேம்ப் பகுதியில் நம் அண்டை வீட்டு மராத்தியர் 'கோதடி'யை எடுத்து விரிப்பர். பழைய பருத்திச் சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, கையால் ஓட்டுத்தையல் இட்டுச் செய்யும் போர்வை அது. நம் வீடுகளில் பழைய சேலை குழந்தைக்குத் தூளியாகிறது. அவர்கள் வீடுகளில் கோதடியாகிறது.

இத்தகைய தையல்கள் இன்று கலைக் கண்காட்சிகளிலும் இடம்பெறுகின்றன. காணச் செல்வோர் வண்ணங்களை வியக்கின்றனர். தைத்தவர் யார் என்று கேட்பவர் சிலரே. ஊரின் பெயரை மட்டும் எழுதி, தைத்தவர் பெயரை விட்டுவிடுவது முறையன்று என்பது என் கருத்து.

பெயரோடு போற்றப்பட்டவர்களும் உண்டு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூரின் கறுப்பினப் பெண்கள், வேலைக்கு உடுத்தித் தேய்ந்த ஆடைகளைப் போர்வைகளாகத் தைத்தனர். 2002ஆம் ஆண்டு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் அவற்றைக் காட்சிக்கு வைத்தது. 2006இல் அவை அமெரிக்க அஞ்சல்தலைகளிலும் இடம்பெற்றன. லொரெட்டா பெட்வே, அன்னி மே யங் முதலியோர் கலைஞர்களாக அறியப்பட்டனர்.

"வறுமையால் தைத்தது கலையாகுமா?" எனச் சிலர் கேட்கலாம். துணி பழையதுதான்; ஆனால் எந்த வண்ணத்தின் அருகில் எதை வைப்பது என்று தேர்ந்தது தைத்தவரின் அறிவு. அவ்வறிவுக்கு உரிய பெயரை மறைத்தல் தகாது.

மாணவர்களே, கண்காட்சிக்குச் சென்றால் தைத்தவர் பெயரைத் தேடுங்கள், இல்லையேல், கேளுங்கள். உங்கள் பாட்டி தைத்த துணி வீட்டில் இருப்பின், அவர் பெயரைத் தமிழில் எழுதி அதனுடன் வையுங்கள்.