தேரின் முன்தட்டு



திருப்பூரிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். 11 வருடம் தையல் மிஷினில் உட்கார்ந்தவரை இப்போது லைன் சூப்பர்வைசர் ஆக்கியிருக்கிறார்கள். நேற்றுவரை பக்கத்து மிஷினில் இருந்தவர்களிடம் இன்று எப்படி வேலை வாங்குவது என்பது அவர் கவலை. வேலை செய்யுமிடத்தில் கீதையும் தலைமைப் பண்பும் என்று ஒரு வகுப்பு நடத்தினார்களாம். பலனை எதிர்பார்க்காமல் உழைக்கச் சொல்லுங்கள் என்றார்களாம். "அதை அவர்களிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை" என்று முடித்திருக்கிறார்.

வாய் வராமல் போனதே நல்லது, சகோதரி. இரண்டாம் அத்தியாயத்தில் வரும் அந்தப் பேச்சைக் கண்ணன் பேசியது உயிருக்குயிரான தோழன் அர்ஜுனனிடம். தனக்கென்று ஒரு பிடி மண்கூடக் கேட்காமல் தேரோட்ட வந்தவன் அவன். அவன் சொல்லலாம். ஓவர்டைம் காசு கேட்டு நிற்பவரிடம் அதையே எடுத்து நீட்டுவது எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை.

மளிகைக் கடையிலும் சலூனிலும் கீதாசாரப் படம் மாட்டியிருப்பார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். வாசகத்தை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் பாருங்கள். வில் வைத்திருப்பவன் மேலே, பின்னால் இருக்கிறான். உபதேசம் செய்தவன் முன்தட்டில், குதிரைகளுக்குப் பக்கத்தில். ஆயுதம் எடுப்பதில்லை என்று சொல்லித்தான் அவன் போருக்கே வந்தான்.

700 சுலோகங்களையும் படித்துவிட்டு நான் மறுபடி மறுபடி திரும்பிப் போவது கீதைக்கு வெளியே, மகாபாரதத்தின் துரோண பருவத்தில் வரும் ஒரு மத்தியான நேரத்துக்கு. பதினான்காம் நாள் போர். மகன் அபிமன்யுவை இழந்த அர்ஜுனன், அதற்குக் காரணமான ஜயத்ரதனைப் பொழுது சாய்வதற்குள் கொல்வதாகச் சபதம் செய்திருக்கிறான். தவறினால் தீக்குளிக்க வேண்டும். ஒவ்வொரு நாழிகையும் கணக்கு. அந்த நேரத்தில் குதிரைகள் தளர்ந்துவிடுகின்றன, உடம்பெல்லாம் அம்பு. சவுக்கை ஓங்கத்தான் நமக்குத் தோன்றும். கண்ணனோ நட்ட நடுப் போர்க்களத்தில் தேரை நிறுத்திக் குதிரைகளை அவிழ்த்துவிடுகிறான். அர்ஜுனன் தரையில் இறங்கி நின்று எதிரிப் படையைத் தடுக்கிறான். அம்பால் நிலத்தைப் பிளந்து நீர்நிலையும் உண்டாக்கித் தருகிறான். கண்ணன் தன் கையாலேயே ஒவ்வொரு அம்பாகப் பிடுங்குகிறான். உடம்பைத் தேய்த்துவிடுகிறான், தண்ணீர் காட்டுகிறான், தரையில் புரளவிடுகிறான், தீனி போடுகிறான். களைப்பு தீர்ந்தபிறகே மறுபடி பூட்டுகிறான். அன்று பொழுது சாய்வதற்குள் சபதமும் நிறைவேறியது.

உங்கள் லைனில் ஷிப்மென்ட் நாள் நெருங்கும்போது இந்த மத்தியானம் உங்கள் ஞாபகத்துக்கு வரட்டும். மணிக்கு இத்தனை பீஸ் என்று மேலே இருந்து கேட்பார்கள். ஊசி உடைந்த மிஷினும், காய்ச்சலோடு வந்திருக்கும் பெண்ணும் உங்கள் கண்ணுக்குத்தான் தெரியும். பக்கத்து மிஷினில் இருந்தவர் நீங்கள். அதைக் குறையாக நினைக்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இத்தனை உபதேசத்தையும் முடித்தபின், பதினெட்டாம் அத்தியாயத்தின் 63-ஆம் சுலோகத்தில், நன்றாக யோசித்துப் பார்த்து உன் விருப்பப்படி செய் என்று முடிவை அர்ஜுனனிடமே விட்டுவிடுகிறான் கண்ணன். கொஞ்சம் தள்ளி, கவனமாகக் கேட்டாயா, உன் மயக்கம் தீர்ந்ததா என்று விசாரிக்கவும் செய்கிறான். கடவுளாகவே இருந்தும் கட்டளை போடவில்லை. வீட்டில், அலுவலகத்தில் எத்தனை பேரிடம் நாம் இப்படி ஒரு வார்த்தை கேட்டிருக்கிறோம்? இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்தபோது என்னை நானே இதைத்தான் கேட்டுக்கொண்டேன்.

சென்னைக்கு வந்தால் திருவல்லிக்கேணிக் கோயிலுக்கு ஒருமுறை போய் வாருங்கள், சகோதரி. அங்கே அவனுக்குப் பெயரே பார்த்தசாரதி, பார்த்தன் என்ற அர்ஜுனனுக்குத் தேரோட்டி. மூலவர் கையில் சங்கு உண்டு, சக்கரம் கிடையாது. உற்சவர் திருமுகத்தில் தழும்புகள் இருக்கும். தேரோட்டும்போது பீஷ்மரின் அம்புகள் பட்ட வடு என்பார்கள். கூட்டம் அதிகம் இருந்தாலும் அவசரப்படாதீர்கள். அர்ச்சகர் ஆரத்தித் தட்டை உயர்த்தும்போது அந்தக் கன்னத்தைக் கொஞ்சம் கிட்டே நின்று பாருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்