இனாமாக வந்த காவல்காரன்

இனாமாக ஒரு காவல்காரன் கிடைத்தால் வேண்டாமென்பார் யார்? வீட்டுக் கம்ப்யூட்டரை வைரஸிடமிருந்து காக்க இலவச மென்பொருளைத் தேடுவோர் பலர். அந்தக் காவல்காரனுக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று கேட்போர் சிலரே.

செக் நாட்டில் தோன்றிய அவாஸ்ட் நிறுவனத்தின் கதையைப் பாருங்கள். அதன் மென்பொருளை நம்பியவர்கள் இன்டர்நெட்டில் எந்தெந்தப் பக்கங்களைப் பார்த்தார்கள் என்ற விவரம், ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனத்தின் வாயிலாக விற்பனையாயிற்று. 2020 ஜனவரியில் விஷயம் அம்பலமாகவே, ஜம்ப்ஷாட் மூடப்பட்டது. 165 லட்சம் டாலர் செலுத்தும்படியும், விளம்பரத்திற்காக அத்தகைய விவரங்களை விற்கலாகாது என்றும் 2024-ல் அமெரிக்க மத்திய வர்த்தகக் கமிஷன் உத்தரவிட்டது.

இதனால் இலவசமெல்லாம் மோசமென்று கொள்ள வேண்டியதில்லை. விண்டோஸ் 11-ல் மைக்ரோசாப்டின் டிஃபெண்டர் கூடவே வருகிறது. தனியே காசு இல்லை. விண்டோஸைத் தவறாமல் புதுப்பித்து வந்தால், சாதாரணக் குடும்பத்திற்கு அதுவே போதும். வேறொன்றை நாடுவோர், அது எந்த விவரத்தைச் சேகரிக்கிறது, யாருக்குத் தருகிறது என்று நிபந்தனைகளைப் படித்த பிறகே சேர்ப்பது நலம். ஒரே சமயத்தில் இரண்டை இயக்குவதும் தகாது. ஒன்றோடொன்று மோதிக் கம்ப்யூட்டர் மந்தமாகும்.

திருடனுக்கு அஞ்சிக் கதவைப் பூட்டிவிட்டு, சாவியை முன்பின் அறியாதவனிடம் ஒப்படைப்பது காவலாகுமா?