பிளாசியில் இந்தியா வீழவில்லை

ஜூன் 23 வந்தால் நாட்காட்டிகளும் போட்டித் தேர்வுக் கையேடுகளும் தவறாமல் ஒரு வரி சொல்லும்: 1757-இல் இதே நாளில் பிளாசிப் போரில் இந்தியா வெள்ளையரிடம் அடிமைப்பட்டது, காரணம் மீர் ஜாஃபரின் துரோகம். வகுப்பறையிலும் மேடையிலும் இதுதான் பாடம். ஒரு நாள், ஒரு துரோகி, ஒரு நாட்டின் வீழ்ச்சி. இந்த வரியை நான் முழுவதுமாக மறுக்கிறேன். அது தவறு, தவறு என்பதற்கு மேல் தீங்கானது. நம் மண்ணைக் கும்பினி, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனி, எந்த வழியில் பறித்தது என்பதை அது மறைக்கிறது. அதற்குப் பிறகு தொண்ணூறு ஆண்டுகள் எதிர்த்து நின்றவர்களை, எப்போதோ முடிந்துபோன ஆட்டத்தில் வீணாக மாண்டவர்களாக்கிவிடுகிறது.

பிளாசி மாந்தோப்பில் அன்று என்ன நடந்தது? காலை எட்டு மணி வாக்கில் பீரங்கிகள் முழங்கின. வங்காள நவாப் சிராஜ் உத் தௌலாவிடம் ஏறக்குறைய 50,000 பேர் என்பது வழக்கமான கணக்கு. கும்பினித் தளபதி கிளைவிடம் சுமார் 3,000 பேர். அவர்களில் 2,100 பேர் இந்தியச் சிப்பாய்கள். நண்பகலில் மழை கொட்டியது. கிளைவின் ஆட்கள் வெடிமருந்தை மூடிப் பாதுகாத்தார்கள், நவாபின் மருந்து நனைந்துபோனது. விசுவாசத்தோடு போரிட்ட மீர் மதன் குண்டடிபட்டு இறந்தார். மாலை ஐந்து மணிக்குள் எல்லாம் முடிந்தது. கும்பினிப் படையில் உயிரிழந்தவர்கள் இருபது சொச்சம் பேர்தான். பிளாசியில் நடந்த சண்டை அவ்வளவே.

அந்தச் சண்டையின் முடிவும் களத்தில் எழுதப்பட்டதல்ல. ஜூன் மாதத் தொடக்கத்திலேயே நவாபின் தளபதி மீர் ஜாஃபருடன் ரகசிய ஒப்பந்தம் ஆகிவிட்டது. அதுவும் மீர் ஜாஃபர் ஒருவரோடு நின்ற சதி அல்ல. ராய் துர்லபும் யார் லுத்புகானும் தங்கள் படைகளைக் கட்டிப் போட்டுக்கொண்டு நின்றார்கள். இவர்களுக்கெல்லாம் பின்னால் இருந்தது வங்காளத்தின் லேவாதேவியையும் நாணயச் சாலையையும் கையில் வைத்திருந்த ஜகத் சேட் குடும்பம். இந்தக் குடும்பத்துக்கு நவாபை மாற்றுவது புதிதும் அல்ல. 1740-இல் கிரியா என்ற இடத்தில் நவாப் சர்ஃபராஸ்கானைக் கொன்று அலிவர்திகான் பட்டத்துக்கு வந்தபோதும் சேட்டுகளின் ஆதரவு அவருக்கு இருந்தது. அந்த அலிவர்திகானின் பேரன்தான் சிராஜ். ஆக, முர்ஷிதாபாத்தில் அன்றைக்கு வாழ்ந்த ஒருவரின் கண்ணில் பிளாசி எப்படித் தெரிந்திருக்கும்? பதினேழு ஆண்டுகளுக்கு முன்பு பார்த்ததையே மீண்டும் பார்த்ததாகத்தான் தெரிந்திருக்கும்: சேட்டுகள் பணம் கொடுத்தார்கள், தளபதி நவாபானார். இம்முறை கூலிக்கு வந்த படை கடல் கடந்து வந்திருந்தது, வேறுபாடு அதுதான்.

நவாப் ஆட்சி தொடர்ந்தது. வரியை நவாபின் ஆட்களே வசூலித்தார்கள். கும்பினிக்கு ஒரு கோடி ரூபாய், கிளைவுக்குத் தனியாக 2,34,000 பவுன், இருபத்து நான்கு பர்கானாக்களின் ஜமீன் உரிமை என்று கொள்ளை பெரிது. ஆனால் கொள்ளை வேறு, ஆட்சி வேறு. புதிய நவாப் மீர் ஜாஃபரே டச்சுக்காரர்களோடு பேச்சு வைத்துக்கொண்டார் என்ற சந்தேகம் எழுந்தது. 1759-இல் சின்சுராவுக்கருகே டச்சுப் படையைக் கும்பினி முறியடிக்க வேண்டியிருந்தது. 1760-இல் அவரை இறக்கிவிட்டு அவருடைய மருமகன் மீர் காசிமை ஏற்றினார்கள். இந்த மீர் காசிமை நம் பாடப்புத்தகங்கள் ஒரு வரியில் தாண்டிப் போவது எனக்கு என்றைக்கும் ஆறாத வருத்தம். தலைநகரை முங்கேருக்கு மாற்றி, புதிய முறையில் படை பயிற்றி, துப்பாக்கி வார்த்த மனிதர் அவர். கும்பினி ஊழியர்கள் தஸ்தக் என்ற அனுமதிச் சீட்டைக் காட்டிச் சொந்த வியாபாரத்துக்கும் சுங்கம் கட்டாமல் தப்பினார்கள். உள்ளூர் வணிகர் மட்டும் கட்டினார்கள். மீர் காசிம் என்ன செய்தார்? உள்நாட்டுச் சுங்கத்தை எல்லோருக்குமே நீக்கினார். தங்கள் சலுகை போய்விட்டது என்று கும்பினி போருக்கு வந்தது. பிளாசியில் வங்காளம் விழுந்துவிட்டது என்றால் 1763-இல் கட்வாவிலும் கிரியாவிலும் உத்வா நாலாவிலும் வங்காள நவாபின் படை யாருக்காகப் போரிட்டது?

அடுத்த ஆண்டு, 1764 அக்டோபர் 22 அன்று, பக்ஸர். முகலாயப் பேரரசர் ஷா ஆலம், அவத் நவாப் ஷுஜா உத் தௌலா, மீர் காசிம் என மூவர் அணி ஒரு பக்கம். ஹெக்டர் மன்றோவின் 7,000 பேர் மறுபக்கம். பிளாசியில் இருபது சொச்சம் உயிர் இழந்த கும்பினி, இங்கே மாண்டவரும் காயமுற்றவருமாக 800-க்கு மேற்பட்டோரை இழந்தது. இந்தப் போருக்குச் சில வாரங்கள் முன்னதாகத் தன் சொந்தச் சிப்பாய்களே கலகம் செய்ததால் இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார் மன்றோ. வெற்றி உறுதி என்றிருந்த படை இப்படி நடந்துகொள்ளாது.

பக்ஸரும்கூட முடிவல்ல. முடிவு என்று ஒரு நாளைச் சொல்லியே ஆகவேண்டுமானால், வங்காளத்துக்கு அது 1765 ஆகஸ்ட் 12. அன்று அலகாபாத்தில் துப்பாக்கி எதுவும் வெடிக்கவில்லை. வங்காளம், பீகார், ஒரிசா ஆகியவற்றின் திவானி உரிமையை, அதாவது நிலவரியை வசூலிக்கும் அதிகாரத்தை, ஷா ஆலம் கும்பினிக்கு எழுதிக்கொடுத்தார். பதிலுக்கு அவருக்கு ஆண்டுக்கு 26 லட்சம் ரூபாய். அதுவரை இந்தியத் துணியும் பட்டும் வாங்க இங்கிலாந்திலிருந்து கப்பல் கப்பலாக வெள்ளி வரவேண்டும். இனி வேண்டாம். வங்காள உழவன் கட்டும் வரிப்பணத்திலேயே வங்காள நெசவாளியின் துணியை வாங்கிக் கப்பலேற்றலாம். அதே பணத்தில் சிப்பாய்க்கு மாதம் தவறாமல் சம்பளமும் கொடுக்கலாம். சம்பளப் பாக்கியால் கலையும் படைகளுக்கு நடுவே, கையில் நிரந்தர வரிப்பணம் உள்ள படை எவ்வளவு தூரம் போகும் என்பதை அடுத்த ஐம்பது ஆண்டுகள் காட்டின. நாட்டைப் பறித்த ஆயுதம் எது என்று என்னைக் கேட்டால், கிளைவின் பீரங்கியை விட்டுவிட்டு இந்த வரிக்கணக்கையே சுட்டுவேன்.

அந்தக் கணக்கு மனிதரை என்ன செய்தது என்பதும் பதிவாகியிருக்கிறது. 1769-70 பஞ்சத்தில் வங்காள மக்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் மாண்டிருப்பார்கள் என்று மதிப்பிட்டவர் வாரன் ஹேஸ்டிங்ஸ். 1771-இன் நிலவரி வசூல், பஞ்சத்துக்கு முந்தைய 1768-ஐயும் மிஞ்சியது என்று மேலிடத்துக்கு எழுதியவரும் அவரே. ஜூன் 23-ஐ மனப்பாடம் செய்யும் மாணவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

தமிழகத்துக்கு வருவோம். இங்கே பிளாசி எதையும் முடிக்கவுமில்லை, தொடங்கவுமில்லை. கடற்கரை ஐரோப்பியரின் பயிற்சி பெற்ற சிறுபடை நவாபின் பெரும்படையைக் கலைக்கும் என்பது 1746 அக்டோபரிலேயே அடையாற்றங்கரையில் தெரிந்துவிட்டது. பிரெஞ்சுத் தளபதி பராதிஸின் சில நூறு பேர் ஆற்காட்டு நவாபின் மகன் மாபூஸ்கானின் படையை விரட்டினார்கள். கிளைவ் பேர் வாங்கியது 1751 ஆற்காட்டு முற்றுகையில். பிளாசிக்கு அவர் கொண்டுபோன படையின் மையமே 1756 அக்டோபரில் சென்னையிலிருந்து கப்பலேறியது. மறுபக்கம் பாருங்கள்: பிளாசிக்கு இரண்டு ஆண்டு முன்பே, 1755-இல், கப்பம் கேட்டு வந்த கர்னல் ஹெரானை எதிர்த்து நெற்கட்டும்செவலில் நின்றார் பூலித்தேவர். மதுரையில் கும்பினியின் சொந்தத் தளபதியாக இருந்து அதையே எதிர்த்த யூசுப்கான் தூக்கிலிடப்பட்டது 1764 அக்டோபர் 15, பக்ஸருக்கு ஒரு வாரம் முன்பு. இரண்டு இடங்களிலும் ஒரே வாரத்தில் போராடிக்கொண்டிருந்தது ஏழு ஆண்டுக்கு முன்பே அடிமைப்பட்ட நாடா?

இங்கும் ஆட்சி கைமாறியது கடனாலும் வரியாலும்தான். ஆற்காட்டு நவாப் முகமது அலி, கும்பினிக்கும் அதன் ஊழியர்களுக்கும் பட்ட கடன் ஏறிக்கொண்டே போனது. பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் உரிமை 1792 உடன்படிக்கையில் கும்பினியின் கைக்குப் போனது. கலெக்டர் ஜாக்சனுக்கும் கட்டபொம்மனுக்கும் இடையிலான பகை அந்தக் கப்பத்தில் முளைத்தது. 1799 அக்டோபர் 16 கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கு, 1801 அக்டோபர் 24 திருப்பத்தூரில் மருதுபாண்டியர் தூக்கு என்று வரிசையாக நாட்கள் நமக்கு நினைவிருக்கின்றன. ஆனால் 1801 ஜூலை 31 யாருக்கு நினைவிருக்கிறது? அன்றுதான் கர்நாடகத்தின் ஆட்சி முழுவதையும் ஆற்காட்டு நவாப் எழுதிக்கொடுத்தார். வங்காளத்துக்கு மீர் ஜாஃபர் போல நமக்கு எட்டப்பன். பழியை ஒரு பெயரில் சுமத்தியதும் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கும் தேவை போய்விடுகிறது. கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தது புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள் என்பதைக்கூடப் பலர் மறந்துவிட்டார்கள்.

பிளாசி கொடுத்த பணமே மற்ற வெற்றிகளுக்கு முதலீடு, அதனால் அதுதானே தொடக்கம் என்பார்கள். தொடக்கங்களில் ஒன்று என்றால் ஒப்புக்கொள்கிறேன். அதனால் முடிவு தீர்மானமாகிவிட்டது என்பதை ஏற்க மாட்டேன். பிளாசிக்குப் பதினைந்து ஆண்டு கழித்து, 1772-இல், கும்பினி திவாலாகும் நிலையில் பிரிட்டிஷ் அரசிடம் கடன் கேட்டு நின்றது. 1769-இல் ஹைதர் அலியின் படை சென்னையின் வாசலுக்கே வந்தது. ஹைதரிடம் கும்பினி சமாதானம் செய்துகொண்டது. 1779-இல் வட்காவில் மராத்தியரிடம் பணிந்து கையெழுத்திட்டது. 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை திப்புவிடமும் ஹைதரிடமும் அழிந்தது. சில மைல் தொலைவில் இருந்தும் உதவிக்கு வராமல், கனத்த பீரங்கிகளைக் காஞ்சிக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கிய தளபதி யார் தெரியுமா? பக்ஸரில் வென்ற அதே ஹெக்டர் மன்றோ. அந்த ஆண்டு மைசூரும் மராத்தியரும் நிஜாமும் ஒரே அணியாகக் கடைசிவரை நின்றிருந்தால் தெற்கில் கும்பினி தாங்கியிருக்குமா என்பது திறந்த கேள்வி. 1782-இல் மராத்தியர் சால்பையில் தனியாகச் சமாதானம் செய்துகொண்டார்கள். ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது 1799-இல், பேஷ்வா ஆட்சி முடிந்தது 1818-இல், பஞ்சாப் இணைக்கப்பட்டது 1849-இல்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒற்றை நாள் நம்பிக்கை ஏன் நிற்கிறது? அதை முதலில் விரும்பியவர்கள் வென்றவர்கள். ஒரு வீரன், ஒரு போர், ஒரு பேரரசு என்ற கதை மெக்காலே காலத்து இங்கிலாந்துக்கு இனித்தது. வரிவசூலும் பஞ்சமும் அந்தக் கதையில் இடம் பெறத் தேவையில்லை. தோற்றவர்களுக்கும் அது ஆறுதலானது. பிளாசி முடிந்து நூறாம் ஆண்டில் கும்பினி ஆட்சி ஒழியும் என்ற ஆரூடம் 1857-இல் பரவியிருந்தது. அந்த ஜூன் 23-இல் டெல்லியிலும் கான்பூரிலும் தாக்குதல் கடுமையாக நடந்தது. நவீன் சந்திர சென் 1875-இல் பிளாசியைக் காவியமாகப் பாடினார். ஒருவன் காட்டிக்கொடுத்ததால் தோற்றோம் என்ற எண்ணம் நம் மானத்தைக் காப்பாற்றித் தருகிறது. ஆனால் வரிப்பணம் ஒரு தனியார் வணிக நிறுவனத்தின் கையில் போனால் என்ன ஆகும் என்பதை அது கற்றுத்தருவதில்லை.

ஆசிரியர்களிடமும் வினாத்தாள் எழுதுவோரிடமும் ஒன்று கேட்கிறேன். ஜூன் 23-ஐ நீக்கவேண்டாம். அதற்கு அடுத்த வரியில் 1765 ஆகஸ்ட் 12-ஐயும் 1801 ஜூலை 31-ஐயும் எழுதுங்கள். அந்த இரண்டு நாட்களிலும் எந்த ஊரின் வரி, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று பிள்ளைகளிடம் கேளுங்கள்.