துண்டுச் சீட்டின் மறுபிறப்பு

கிருலப்பனையின் கால்வாயோரக் குடியிருப்புகளிலும் வெள்ளவத்தையின் வாடகை அறைகளிலும் இன்று ஒரே கேள்விதான் ஓயாது ஒலிக்கின்றது: “ஸ்பொன்சர் கிடைத்துவிட்டதா?” குவைத்துக்குப் பணிப்பெண்ணாகப் புறப்படக் காத்திருக்கும் தாயிடமும், பிரித்தானியாவில் வேலை தேடும் பட்டதாரியிடமும் இதே கேள்வி கேட்கப்படுகின்றது. கிடைத்துவிட்டது என்ற பதில் வந்ததும் வீடு மகிழ்கின்றது. நகை அடகுக் கடைக்குப் போகின்றது. எந்த நிபந்தனையின் பேரில், எந்த உரிமையை ஒப்புக்கொடுத்து அது கிடைத்தது என்பதை மட்டும் எவரும் கேட்பதில்லை.

வயிற்றுப் பிழைப்புக்காகக் கடல் கடப்போரை நாட்டுப்பற்று அற்றவர்கள் என இகழ்வது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு. அயல்நாட்டில் உழைப்பது இழிவன்று. ஆனால் ஒரு மனிதன் ஒரு நாட்டில் தங்கும் உரிமையை ஒரேயொரு முதலாளியின் விருப்பத்தோடு பிணைத்துவிடும் ஏற்பாடு இழிவானது. தமிழ் உழைப்பாளருக்கு இந்த ஏற்பாடு புதியதும் அன்று. மலையகம் இதனை நன்கறியும். அங்கு அதன் பெயர் ‘துண்டு’.

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் தமிழகக் கிராமங்களிலிருந்து தோட்டங்களுக்கு வந்த தொழிலாளி, முதல் கொழுந்தைக் கிள்ளுமுன்னரே கடனாளியாகியிருந்தான். வழிச்செலவும் முன்பணமும் கங்காணி வழியாக அவன் தலைமேல் ஏறியிருந்தன. வேறு தோட்டம் செல்ல வேண்டுமாயின், பழைய தோட்டத்துத் துரை எழுதித் தரும் துண்டு தேவை. இன்ன தொகை கடனைச் செலுத்தினால் இந்த ஆட்களை விடுவிக்கலாம் என்பதே அச்சீட்டின் சாரம். புதிய துரை அக்கடனைக் கட்டுவான். கடன் தொழிலாளியோடு புதிய தோட்டத்துக்குக் குடிபெயரும். துண்டின்றி, முன்னறிவித்தலின்றி வெளியேறியவன் குற்றவாளி. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் அவனைச் சிறைக்கு அனுப்பியது. வேலையை விட்டு விலகுவதைக் குற்றமாக்கிய இம்முறை 1921ஆம் ஆண்டிலேயே சட்டப்படி ஒழிக்கப்பட்டது.

ஒழிக்கப்பட்ட அம்முறை வளைகுடா நாடுகளில் ‘கபாலா’ என்ற பெயரில் உயிர்வாழ்ந்து வருகின்றது. அங்கு அனுசரணையாளரே விசாவுக்குப் பொறுப்பாளர். பல இடங்களில் அவர் சம்மதியாவிடின் வேலை மாற இயலாது. சில நாடுகளில் நீண்டகாலம் நாடு திரும்பவும் இயலாதிருந்தது. கொடுமை தாங்காது வீட்டைவிட்டு வெளியேறும் பணிப்பெண்மீது ‘தலைமறைவு’ என்ற முறைப்பாடு பதியப்படும். சவூதியில் இதற்கு ‘ஹுரூப்’ என்று பெயர். ஓடிப்போதல் என்பது அதன் பொருள். சம்பளம் கேட்டு வெளியே வந்தவள் அந்த நொடியிலேயே சட்டவிரோதக் குடியேறியாகிவிடுகிறாள். கங்காணியின் இடத்தில் முகவர் நிற்கிறார். துரையின் இடத்தில் கபீல் நிற்கிறார். துண்டின் இடத்தில் விசா நிற்கின்றது. முன்பணம்கூட மாறவில்லை. புறப்படுமுன் பணிப்பெண்ணின் கையில் வைக்கப்படும் தொகை, அவள் இடைநடுவில் திரும்பினால் கடனாகிக் குடும்பத்தின் கழுத்தை நெரிக்கின்றது.

மூதூரின் ஏழைக் குடும்பமொன்றிலிருந்து, வயதைக் கூட்டிக் காட்டிய கடவுச்சீட்டுடன் 2005இல் சவூதிக்கு அனுப்பப்பட்ட இளம்பெண் ஒருத்தி, அவளது பராமரிப்பிலிருந்த குழந்தையின் மரணத்துக்காக 2013 ஜனவரியில் மரண தண்டனைக்கு ஆளானாள். நாடு கண்ணீர் வடித்தது. அவ்வாண்டிலேயே அரசு கண்ட பரிகாரம் யாது? வெளிநாடு செல்லும் பெண்களிடம் குடும்பப் பின்னணி அறிக்கை கேட்டது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையுடைய தாயைத் தடுத்தது. குற்றம் முதலாளியை நம்பிய சட்டத்தில் இருக்க, தண்டனை தாய்க்கு விதிக்கப்பட்டது. 2022இல் டொலர் வற்றியபோது அக்கட்டுப்பாடும் தளர்ந்தது. தாய்மையின் புனிதம் பற்றிய அரசின் கவலை அந்நியச் செலாவணியின் இருப்போடு ஏறி இறங்குவதை இதைவிடத் தெளிவாக எவ்வாறு விளக்குவது?

இவை யாவும் படிப்பறிவில்லாப் பணிப்பெண்களின் துயரம், பட்டதாரிக்கு இதில் பங்கில்லை என்று பல்கலைக்கழக மண்டபங்களில் எண்ணுவோர் உளர். பிரித்தானியாவின் அனுபவம் அவர்களின் உறக்கத்தைக் கலைக்க வேண்டும். 2022 பெப்ரவரியில் பராமரிப்பு ஊழியருக்கு அனுசரணை விசா திறக்கப்பட்டது. சான்றிதழ்களை விலைக்கு விற்கும் தரகர்கள் உடனே முளைத்தனர். 2022 ஜூலைக்கும் 2024 டிசம்பருக்கும் இடையில் பராமரிப்புத் துறையில் 470க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் அனுசரணை உரிமம் பறிக்கப்பட்டது. அவற்றோடு பிணைக்கப்பட்டிருந்த ஊழியர் ஏறத்தாழ 39,000 பேர். தவறிழைத்தவர் முதலாளி; 60 நாட்களுக்குள் புதிய அனுசரணையாளரைத் தேடு, அன்றேல் வெளியேறு என்று கூறப்பட்டவர் தொழிலாளி. 2025 ஜூலையில் அக்கதவு வெளிநாட்டிலிருந்து புதிதாக வருவோருக்கு மூடப்பட்டும்விட்டது. மனித உரிமையின் பாதுகாவலனாகத் தன்னைக் காட்டிக்கொள்ளும் கனடாவிலும், ஒரே முதலாளியோடு பிணைக்கும் வேலை அனுமதியை ஐக்கிய நாடுகள் சபையின் விசேட அறிக்கையாளர் 2023இல் நவீன அடிமைமுறையின் விளைநிலமெனக் கண்டித்தார். ஆகவே இது பாலைவனத்துக்கு மட்டும் உரிய நோயன்று.

“விரும்பித்தானே செல்கின்றனர்?” என்பது எதிர்த்தரப்பின் இறுதி ஆயுதம். கங்காணியின் பின்னால் மன்னாருக்குக் கப்பலேறியவனும் பெருவிரலைப் பதித்தே வந்தான். பஞ்சம் துரத்த வந்தவனின் விருப்பமும், 2022இல் நாடு கடன் செலுத்த முடியாது கைவிரித்தபோது புறப்பட்ட மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோரின் விருப்பமும் ஒரே வகையின. அவ்வாறு செல்வதற்கு விருப்பம் இருந்ததெனவே கொண்டாலும், விலகுவதற்கு உரிமை இல்லாதவிடத்து உழைப்புச் சுதந்திரமானதாகாது.

ஆண்டுதோறும் பல நூறு கோடி டொலரை இவ்வுழைப்பாளர் நாட்டுக்கு அனுப்புகின்றனர். ‘நாட்டின் வீரர்கள்’ என்ற பட்டம் அவர்களுக்குக் கிடைத்துள்ளது. புலம்பெயர் தொழிலாளர் உரிமை பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 1996இல் ஏற்றது. வளைகுடாவின் நாடுகளோ, பிரித்தானியாவோ, கனடாவோ அதனை ஏற்கவில்லை. 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் ஆட்களைப் பதிந்து அனுப்புவதோடு அமையலாகாது. முதலாளியை மாற்றும் உரிமை, கடவுச்சீட்டைத் தன்னிடமே வைத்திருக்கும் உரிமை, ஆட்சேர்ப்புச் செலவை முதலாளியே ஏற்றல் ஆகிய மூன்றும் எழுதப்படாத எந்த ஒப்பந்தத்திலும் அரசு கையொப்பமிடலாகாது.

இது கனவன்று. உலகக் கிண்ணப் போட்டியை முன்னிட்டுத் தொழிற்சங்கங்களும் உலகின் பொதுக்கருத்தும் நெருக்கியபோது, பழைய முதலாளியின் சம்மதமின்றி வேலை மாறும் உரிமையைக் கட்டார் 2020இல் சட்டமாக்கியது. நடைமுறையில் குறைகள் எஞ்சியுள்ளன. துண்டு ஒழிந்த பின்னரும் லயத்தில் கடன் எஞ்சியே இருந்தது. எனினும் கேட்டவிடத்துச் சட்டம் வளைந்தது என்பதே பாடம்.

தேயிலைச் செடியின் அடியில் புதைந்தோரைப் பற்றித் தமிழ் விழா மேடைகளில் கவிதை பாடப்படுகின்றது. பாடியவரின் சட்டைப்பையிலேயே புதிய துண்டு மடித்து வைக்கப்பட்டிருக்கின்றது. கிருலப்பனையில் இனி யாரேனும் “ஸ்பொன்சர் கிடைத்துவிட்டது” என்று கூறினால், வாழ்த்துமுன் ஒரு கேள்வி கேட்கப்படட்டும்: “விலகிவர வழி இருக்கிறதா?” அக்கேள்வியை முதலில் எழுப்பவேண்டிய கடமை, வரலாறு படித்த மாணவர் சமுதாயத்தைச் சாரும்.