பாயைச் சுருட்டலாம், ஒளித்து வைக்கலாகாது

 

நம் இல்லங்களில் மிகச் சாதாரணமாகக் கிடக்கும் ஒரு பொருளைப் பற்றி இம்மாதம் எழுத விரும்புகின்றேன். அது கோரைப்பாய். பிள்ளை பெற்றவள் படுப்பதும் அதில்தான். ஓதக் கூடுவோர் அமர்வதும் அதில்தான். நோன்பு திறக்க வரிசையாக உட்காருவதும் அதில்தான். ஊரார் நம் ஆண்களைப் 'பாய்' என்றழைப்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை எனினும், பாயில்லாத பாய் வீடு ஒரு காலத்தில் இருந்ததில்லை எனலாம்.

இதில் எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கக்கூடும். என் வீட்டில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லிவிட்டுத் தொடங்குகின்றேன். பெருமைக்குரிய செய்தியன்று, ஆயினும் சொன்னால்தான் பயனுண்டு.

என் பிறந்தகம் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சதுரங்கப்பட்டினத்தை அடுத்த கடலோரம். மணமாகிச் செங்கற்பட்டுக்கு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. 2022 டிசம்பர் 9ஆம் நாள் இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தருகே கரை கடந்தபோது, அம்மா தனியே வசித்த ஓட்டு வீட்டின் கூரை சிதைந்துபோயிற்று. மறுவாரமே அவர்களை எங்களுடன் அழைத்து வந்துவிட்டோம். வந்தபோது கையில் ஒரு துணிப்பை, கக்கத்தில் சுருட்டிய ஒரு பாய். அத்தா மௌத்தாவதற்கு முந்திய ஆண்டு வந்தவாசியிலிருந்து வாங்கி வந்த பாய் அது. புயலன்று அண்டை வீட்டு மாடியில் ஒதுங்கியபோதும் அதைத் தூக்கிக்கொண்டே போனார்களாம்.

2023 நவம்பரில் என் மகளைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். வீட்டைக் கழுவி, திரைச்சீலை மாற்றி, எல்லாம் ஒழுங்குபடுத்தினேன். கூடத்து மூலையில் சாய்ந்திருந்த அம்மாவின் பாய் என் கண்ணை உறுத்திற்று. வருகிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்றெண்ணி, அதைப் பின்னறை பீரோவுக்கும் சுவருக்கும் இடையே செருகிவிட்டேன். அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள், ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு பிளாஸ்டிக் பாயை விரித்துப் படுத்துக்கொண்டார்கள். மறுநாள் எடுத்துத் தர வேண்டும் என்று நினைத்தேன், மறந்தேன். அவர்களும் கேட்கவில்லை.

டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழை கொட்டிற்று. பின்னறைச் சுவரில் ஈரம் ஏறியது. சில வாரங்கள் கழித்துப் பீரோவை நகர்த்தியபோது பாய் வெளிப்பட்டது. தரையைத் தொட்டு நின்ற கீழ்ப்பாதி பூசணம் பூத்துச் செல்லரித்துப் போயிருந்தது. நான் தலை குனிந்து நின்றேன். அம்மா அதை விரித்து, கையால் தடவிப் பார்த்தார்கள். பிறகு, "மேல்பாதி நல்லாத்தானே இருக்கு. ஊசியும் கத்தரிக்கோலும் கொண்டா" என்றார்கள். அவ்வளவுதான். அந்தப் பெண் பார்த்த சம்பந்தம் வேறு காரணத்தால் அமையவில்லை. யாருக்காகப் பாயை ஒளித்தேனோ, அவர்கள் அதன்பின் எங்கள் வாசலுக்கு வரவேயில்லை.

சகோதரிகளே! நான் மதரஸாவில் பெண் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவள். பெருமானார் (ஸல்) அவர்கள் பாயில் படுத்தெழுந்த வேளையில் விலாப்புறத்தில் பாயின் தடம் பதிந்திருந்ததைக் கண்டு உமர் (ரலி) அவர்கள் அழுத செய்தியை எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். கிஸ்ராவும் கைஸரும் பட்டு மெத்தையில் கிடக்க, அல்லாஹ்வின் தூதருக்கு ஒரு பாய்தானா என்பதே அவர்களுடைய கண்ணீர். அன்னை பாத்திமா (ரலி) அவர்கள் கணவர் வீட்டுக்குக் கொண்டு சென்றவற்றுள் நாரடைத்த தோல் தலையணையும், தண்ணீர்த் தோற்பையும், திரிகைக் கல்லும் இருந்தன என்பதையும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவற்றை நாவால் சொன்ன நான், கையால் பாயை மறைத்தேன்.

இது என் ஒருத்தியின் குறை என்றால் இந்தப் பக்கத்தை வீணாக்கியிருக்க மாட்டேன். என்னிடம் ஓதிய ஒரு பெண்ணின் தகப்பனார், கட்டிலும் மெத்தையும் பீரோவும் இல்லாமல் மகளை அனுப்பினால் மதிப்பிருக்காது என்று வட்டிக்குக் கடன் வாங்கினார். மூன்றாண்டுகள் கழித்தும் அந்தக் கடன் தீரவில்லை. மெத்தை வேண்டாம் என்பதன்று என் கருத்து. முதுகு வலியுள்ளோருக்கும் முதியோருக்கும் கட்டில் தேவைதான். ஆனால் பாயைக் கண்டு வெட்கப்படும் வீடு, வெட்கத்தை மறைக்க ஹராமான வட்டியையும் வாங்கத் துணியும். அதைத்தான் அஞ்ச வேண்டும்.

இந்தப் பாயில் நம் சமுதாயப் பெண்களின் உழைப்பு உள்ளது என்பதையும் எண்ணிப் பாருங்கள். திருநெல்வேலிப் பக்கம் பத்தமடையில் பாய் நெய்பவர்கள் பெரும்பாலும் நம்மவர்களே. வீட்டிலிருந்தபடி நெய்யும் பெண்கள் அவர்களில் மிகுதி. ஆற்றோரக் கோரையை அறுத்துக் கிழித்து, வெயிலில் உலர்த்தி, நீரில் ஊறவைத்து, மீண்டும் காயவைத்து, நூலிழை போல மெல்லியதாக வகிர்ந்து நெய்கிறார்கள். பட்டுப்பாய் எனப்படும் உயர்ந்த வகையைத் துணிபோல மடித்துவிடலாம். அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. நமக்கு அருகில் வந்தவாசி பாய்க்குப் பெயர் பெற்றது. அங்கும் நம்மவர்கள் இத்தொழிலில் நிறைய உள்ளனர். கைத்தறியில் ஒருவர் நீண்ட குச்சியால் கோரையைச் செலுத்த, மற்றவர் அச்சால் இறுக்குவார். இன்று விசைத்தறியும் வந்துவிட்டது. பிளாஸ்டிக் பாயோ விலை குறைவு, கழுவுவது எளிது; அதனால் கடைகளில் அதுவே முன்னே நிற்கிறது. ஆனால் கோடையில் அதன்மேல் படுத்தால் வியர்வை உடம்போடு ஒட்டும். வெயில்பட்டு நைந்தால் தூள் தூளாக உதிரும், மக்காது. கோரையின் உட்சோறு பஞ்சுபோல் ஈரத்தை வாங்கிக்கொள்ளும். காலம் முடிந்தால் மண்ணோடு மண்ணாகும்.

இனி, அம்மா அன்று கற்றுத் தந்த முறையைச் சொல்கிறேன். ஓரம் பிரிந்த பாயோ பாதி கெட்ட பாயோ உங்கள் வீட்டில் இருந்தால் எறிந்துவிடாமல் இவ்வாறு செய்து பாருங்கள்.

முதலாவது, கெட்ட பகுதியைக் கணக்கிடுதல். பூசணம் மேலோடு மட்டும் இருந்தால் வெயிலில் காட்டித் தூரிகையால் தட்டிவிடலாம். கோரையை வளைத்துப் பார்க்கும்போது பொடிந்தால் அப்பகுதி ஆகாது. நல்ல பகுதிக்குள் இரண்டு விரல் தள்ளியே வெட்டுக்கோடு போட வேண்டும். பூசணத் தூசி மூச்சில் ஏறாதபடி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே இதைச் செய்யுங்கள்.

இரண்டாவது, வெட்டுமுன் தைத்தல். பலரும் தவறு செய்யும் இடம் இதுதான். பாயில் நீளவாக்கில் ஓடுவது பாவு நூல். குறுக்கே கிடப்பது கோரை. முதலில் வெட்டினால் நூல் நழுவிக் கோரை ஒவ்வொன்றாக உதிர்ந்துவிடும். ஆகவே வெட்டுக்கோட்டுக்கு இருபுறமும் அரை அங்குலம் தள்ளி, தடித்த பருத்தி நூலால் நெருக்கமாக ஓட்டுத் தையல் போடுங்கள். தைக்கும் இடத்தை ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டால் கோரை முறியாது. இரண்டு தையல்களுக்கும் நடுவே வெட்டுங்கள். கோரை கிடக்கும் போக்கிலேயே வெட்ட நேர்ந்தால், தொங்கும் பாவு நூல்களை இரண்டிரண்டாக முடிச்சிட வேண்டும்.

மூன்றாவது, கரை கட்டுதல். பழைய லுங்கி அல்லது பருத்திப் புடைவையிலிருந்து மூன்று அங்குல அகலத்தில் பட்டை கிழித்துக்கொள்ளுங்கள். புதுத் துணியானால் ஒருமுறை நனைத்துக் காயவைத்தே பயன்படுத்துங்கள்; இல்லையேல் பின்னர் சுருங்கிப் பாயின் ஓரத்தைச் சுருட்டிவிடும். பட்டையின் இரு ஓரங்களையும் உள்ளே மடித்து, பாயின் விளிம்பை நடுவில் வைத்து, இருபுறமும் அகப்படும்படி தைத்துவிட்டால் புதுக்கரை ஆயிற்று.

ஆறடி நீளமும் நாலடி அகலமுமான பாயில் எங்களுக்கு எஞ்சியது ஆறடிக்கு இரண்டடி. அதில் நாலடியை அம்மா தமக்குத் தொழுகை விரிப்பாக எடுத்துக்கொண்டார்கள். மீதி இரண்டடி சதுரம். "இது உனக்கு, பாடம் நடத்தும்போது போட்டு உட்கார்" என்று தந்தார்கள். அவ்வாறே இன்றும் உட்காருகிறேன்.

வெட்டியெடுத்த பகுதியில் கெடாத கோரைகள் சில தேறும். அவற்றை நீரில் நனைத்து, முறுக்கி, வளையமாகச் சுற்றி, துணிப்பட்டையால் இறுகக் கட்டினால் தண்ணீர்க் குடத்துக்குப் பிரிமணை கிடைக்கும். அடுப்பருகே மட்டும் வைக்க வேண்டாம். கோரை எளிதில் தீப்பற்றும். சிறு துண்டை மூன்றில் இரண்டு பங்கு மேலே மடித்து, இரு பக்கமும் தைத்து, ஒரு கயிறு கோத்தால் சீப்பு, கத்தரிக்கோல், ரசீதுகள் வைக்கும் சுவர்ப்பை ஆகும். பிள்ளைகளே ஒரு பிற்பகலில் செய்துவிடுவார்கள். அகலமான துண்டு கிடைத்தால் மேற்கு ஜன்னலுக்குத் தட்டியாகத் தொங்கவிடலாம். நம் செங்கற்பட்டுக் கோடையில் அதன் அருமை தெரியும்.

கெடாமல் காப்பதே செப்பனிடுவதினும் மேல். கடலோரத்தில் வசிப்போருக்கு ஒரு சொல். பாயை உப்புநீரில் துடைக்கச் சொல்வார்கள். நம் கடற்காற்றில் அது கூடாது. உப்பு ஈரத்தை இழுக்கும். பாய் எப்போதும் பிசுபிசுத்து, பூசணம் பிடிக்கும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியே போதும். பூசணம் காணப்பட்டால் நீர் கலந்த வினிகரால் துடைத்து உலர்த்துங்கள். குழந்தை நனைத்துவிட்டால் உடனே அந்த இடத்தில் நீர் ஊற்றிக் கழுவி, காற்றோட்டமான நிழலில் விரிக்க வேண்டும். இளவெயிலில் இரு புறமும் காட்டுவது நலம். நாள் முழுதும் உச்சி வெயிலில் போட்டால் கோரை முறிவு கண்டு, சாயமும் வெளுக்கும். மடிக்காமல் சுருட்டுங்கள். சுருட்டியதை வெறுந்தரையில் நிறுத்தாமல் ஒரு பலகைமேல், சுவரிலிருந்து ஒரு கை தள்ளி வையுங்கள். நான் தவறியது அங்கேதான்.

இவற்றுக்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்பீர்கள். நமக்கு ஐவேளைத் தொழுகையே கடிகாரம் அன்றோ! சுபுஹு தொழுததும் படுத்த பாயை உதறி, இளவெயில் வந்ததும் கொடியில் போடுங்கள். லுஹருக்கு முன் உள்ளே எடுத்துவிடுங்கள். அஸருக்குப் பின் வீட்டைப் பெருக்கும்போது பாய் வைக்கும் மூலையையும் பெருக்குங்கள்; செல்லும் கரையானும் குப்பையில்தான் குடியேறும். மக்ரிபுக்குப் பின் பிள்ளைகள் ஓத அமர அதை விரியுங்கள். இஷாவுக்குப் பின் படுக்கை. ஆளுக்கொரு பாய் என்று பிரித்து, அவரவர் பாயை அவரவரே சுருட்டுவது என்று சட்டம் போடுங்கள். ஆண் பிள்ளைகளுக்கும் இதில் விலக்கில்லை. தம் செருப்பைத் தாமே தைத்துக்கொண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்துக்கு, தான் படுத்த பாயைச் சுருட்டுவது இழிவாகுமா?

புதிதாக வாங்கும்போது கையால் தொட்டுப் பாருங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இடைவெளி அதிகம் தெரியலாகாது. ஓரத்தை இலேசாக வளைத்தால் கோரை முறியலாகாது. பாவு பருத்தி நூலா, நைலானா என்று கேளுங்கள். பேரம் பேசும்போது, அதைக் கிழித்து, ஊறவைத்து, நெய்த கைகளை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.

நம் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா என்ற அருங்காட்சியகம் 1996 முதல் இருக்கிறது. தென்னாட்டுப் பழைய வீடுகளையும் கைத்தொழில்களையும் அங்கே கட்டணம் செலுத்திக் காண வருகிறார்கள். நம் பிள்ளைகளும் ஒருநாள் பாயைக் காண அங்கேதான் போக வேண்டும் என்ற நிலை வரலாகாது.

அம்மா இப்போது அந்த அரைப் பாயில்தான் தொழுகிறார்கள். தொழுது முடித்ததும் சுருட்டிக் கூடத்து மூலையில், யார் வந்தாலும் தெரியும் இடத்தில் சாய்த்து வைக்கிறார்கள். அதன் அடியில் பலகை போட்டு வைத்தது நான்.

அடுத்த மாதம் வேறொரு வீட்டுப் பொருளோடு சந்திப்போம், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.