வெள்ளம் வடிஞ்சாச்சு, சேறு எங்கே போகும்?

2024 டிசம்பர் 2 நினைவிருக்கா? ஃபெஞ்சல் புயல் மழையால் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் திறக்கப்பட்டது. மணலூர்பேட்டை உட்பட கரையோர ஊர்கள் தவித்தன.

தண்ணி தானா வடிஞ்சிடும், சேறு வடியாது. வீட்டுச் சேற்றை வாசலுக்கும், வாசல் சேற்றைச் சாக்கடைக்கும் தள்ளுவோம். சாக்கடை அடைச்சுக்கும். அடுத்த மழைக்குத் தண்ணி மறுபடி வீட்டுக்குள்ள!

ஜப்பானின் ககோஷிமா நகரைப் பாருங்க. எதிரே சகுராஜிமா எரிமலை, அடிக்கடி சாம்பலைக் கொட்டும். மாநகராட்சியே வீடுகளுக்கு மஞ்சள் பை தருது. சாம்பலை அதில் அள்ளி, குறித்த இடத்தில் வெச்சா, வண்டி வந்து எடுத்துட்டுப் போகும். சாலையைப் பெருக்கத் தனி வண்டிகள். எரிமலையும் தேதி சொல்லிட்டு வெடிக்கிறதில்ல. ஆனா திட்டம் தயாரா இருக்கு.

நமக்கும் அதுதான் வேணும். சேறு கொட்ட வார்டுக்கு ஓர் இடம், அதுவும் ஆத்துக்குள்ள இல்லாம. சாக்குப் பைகள் கையிருப்பு. டிராக்டர், ஜேசிபி யார்கிட்ட இருக்குன்னு பட்டியல். மருத்துவமனை, பள்ளி, குடிநீர்த் தொட்டி இருக்கிற தெரு முதல்ல. முக்கியமா, சேற்றில் இறங்கும் தூய்மைப் பணியாளர்களுக்கு பூட்ஸ், கையுறை, கூடுதல் கூலி.

தை மாச ஆற்றுத் திருவிழாவுக்குத் திரளும் கூட்டத்தையே சமாளிக்கிற ஊர் இது. சேற்றுக்குத் திட்டம் போடுறதா கஷ்டம்?

சிவில் படிக்கும் நண்பர்களே, லெவல் சர்வே நமக்குப் பாடம்தானே? மேடான பொது இடங்களை அளந்து வரைபடமாக்கி, பேரூராட்சிக்குக் கொடுப்போம். ஐப்பசி மழைக்கு முன்னாடியே.