மீள்சுழற்சி: ஒரு நல்ல சொல்லின் கெட்ட பயணம்

ஆசிய நாடுகளின் அமைச்சர்களும் அதிகாரிகளும் அவ்வப்போது ஏதாவதொரு நகரில் கூடிக் குப்பையைப் பற்றிப் பேசுகின்றார்கள். குறைத்தல், மீளப் பயன்படுத்தல், மீள்சுழற்சி என்ற மூன்று மந்திரங்களோடு 2009இல் டோக்கியோவில் தொடங்கிய பிராந்திய மன்றம் அது. 2013இல் ஹனோயில் கூடியபோது 33 இலக்குகள் கொண்ட பத்தாண்டுப் பிரகடனம் ஒன்றை வெளியிட்டார்கள். அந்தப் பத்தாண்டும் கழிந்தது. 2025இல் ஜெய்ப்பூரில் கூடி அடுத்த பத்தாண்டுக்கு இன்னொரு பிரகடனத்தைத் தந்தார்கள். இவை எவரையும் சட்டரீதியாகக் கட்டுப்படுத்துவன அல்ல. விரும்பினால் செய்யலாம், விரும்பாவிட்டால் அடுத்த கூட்டத்துக்கு வரலாம்.

பிரகடனங்களைப் பரிகசிப்பது எளிது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகைத் தொழிலில் இருப்பவனுக்கு அது இன்னும் எளிது. என்னுடைய வழக்கு வேறு. மீள்சுழற்சியை ஊக்குவிப்பதாகச் சொல்லும் ஒரு கொள்கை, கழிவு கடைசியாகப் போய்ச் சேரும் இடம் எது, அதற்கான செலவைக் கொடுப்பவர் யார் என்ற இரண்டையும் சட்டத்தில் எழுதாவிட்டால், அதற்குப் பெயர் குப்பை ஏற்றுமதிக் கொள்கை. எமது பத்திரிகைகள் மீள்சுழற்சிச் செய்திகளைச் சுற்றாடல் பக்கத்தில், மரக்கன்று நாட்டும் படங்களுக்குப் பக்கத்தில் போடுகின்றன. உண்மையில் அவை வர்த்தகப் பக்கத்துக்கு உரியவை. சில வேளைகளில் குற்றச் செய்திப் பக்கத்துக்கும்.

கொழும்புத் துறைமுகத்தில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். 2017இலும் 2018இலும் பிரித்தானியாவிலிருந்து 263 கொள்கலன்கள் இங்கு வந்து இறங்கின. பாவித்த மெத்தைகள், தரைவிரிப்புகள் என்று ஆவணங்கள் கூறின. மெத்தைகளைப் பிரித்து, உள்ளிருக்கும் உலோகச் சுருள்களை எடுத்து, மீண்டும் ஏற்றுமதி செய்வதே நோக்கம் என்றார்கள். கேட்பதற்கு எவ்வளவு அழகான வள வினைத்திறன்! 2019இல் சுங்க அதிகாரிகள் கொள்கலன்களைத் திறந்தபோது மெத்தைகளோடு மருத்துவக் கழிவுகளும் இருந்ததாகத் தெரிவித்தார்கள். ஒரு பகுதி கொள்கலன்கள் துறைமுகத்தில் நாற்றமெடுத்துக்கொண்டிருக்க, இன்னொரு பகுதி கட்டுநாயக்க வர்த்தக வலயத்துக்குள் ஏற்கெனவே போய்விட்டிருந்தது.

இவை கள்ளத்தோணியில் வந்தவை அல்ல என்பதைத்தான் வாசகர்கள் கவனிக்க வேண்டும். 2012ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க நிதிச் சட்டத்தின் கீழ் 2013இல் வெளியிடப்பட்ட வர்த்தக மையங்களுக்கான ஒழுங்குவிதிகள், பொருளைக் கொண்டுவந்து சிறிது பதப்படுத்தி மீண்டும் ஏற்றுமதி செய்யும் நிறுவனங்களுக்குச் சுங்கக் கட்டளைச் சட்டத்திலிருந்தும் இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்திலிருந்தும் விலக்களித்தன. இலங்கையை ஆசியாவின் வர்த்தக மையமாக்கும் கனவுக்காகத் திறந்த கதவு அது. கனவுக்கு முன்னர் குப்பை உள்ளே வந்துவிட்டது. நச்சுக் கழிவுகளின் எல்லைதாண்டிய நகர்வைக் கட்டுப்படுத்தும் 1989ஆம் ஆண்டின் பாசல் சமவாயத்தில் நாமும் ஒரு தரப்பு. இறக்குமதி செய்யும் நாட்டின் முன்கூட்டிய எழுத்துமூலச் சம்மதம் இன்றி அத்தகைய கழிவு கப்பல் ஏறக்கூடாது என்பது அதன் உயிர்நாடி. ஆனால் ‘மீள்சுழற்சிக்கான மூலப்பொருள்’ என்று ஒரு தாளில் எழுதிவிட்டால் அது கழிவே அல்ல என்றாகிவிடுகின்றது.

சுற்றாடல் நீதிக்கான மையம் நீதிமன்றத்துக்குப் போனது. 21 கொள்கலன்கள் 2020 செப்டெம்பரில் திருப்பி அனுப்பப்பட்டன. அடுத்த மாதம் மேன்முறையீட்டு நீதிமன்றம் எஞ்சியவற்றையும் அனுப்புமாறு கட்டளையிட்டது. கடைசி 45 கொள்கலன்கள் கப்பலேறியது 2022 பெப்ரவரியில். வந்து சேர்ந்த குப்பையைத் திருப்பி அனுப்ப நான்கைந்து ஆண்டுகள்! அதுவும் ஒரு பொதுநல அமைப்பு வழக்காடியதால். கொள்கைப் பத்திரங்களை எழுதும் கனவான்கள் எவரும் அதற்காக ஒரு மனுவில் கையெழுத்திட்டதாக நான் கேள்விப்படவில்லை.

இது கொழும்பின் தனிக்கதை அன்று. 1992 முதல் உலக நாடுகள் ஏற்றுமதி செய்த பிளாஸ்டிக் கழிவில் சுமார் 45 சதவீதத்தைச் சீனா விழுங்கிக்கொண்டிருந்தது. மேற்கு நாடுகளின் இல்லத்தரசிகள் போத்தலைக் கழுவித் தனிப் பெட்டியில் போட்டார்கள். அவர்களது நகரசபைகள் அதை மீள்சுழற்சிக் கணக்கில் எழுதிக்கொண்டன. போத்தலோ சீனக் கரையில் எவருடையதோ முற்றத்தில் எரிந்தது. குவாங்டொங் மாகாணத்தின் குய்யூ நகரில் பழைய கணினிப் பலகைகளைச் சூடாக்கி ஈயத்தை உருக்கியவர்களின் பிள்ளைகளுடைய இரத்தத்தில் ஈயம் ஏறியிருந்ததை ஆய்வாளர்கள் அளந்து எழுதினார்கள். 2017இல் சீனா போதும் என்று உலக வர்த்தக அமைப்புக்கு அறிவித்தது. 2018 ஜனவரி முதல் 24 வகைக் கழிவுகளுக்குத் தடை; அனுமதிக்கப்பட்ட பலவற்றிலும் கலப்படம் 0.5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற நிபந்தனை. 2021இல் திண்மக் கழிவு இறக்குமதிக்கே முற்றுப்புள்ளி.

மேற்கு நாடுகள் தமது பாவனையைக் குறைத்திருக்கும் என்று எண்ணுகின்றீர்களா? கப்பலின் முகத்தைத் திருப்பினார்கள், அவ்வளவுதான். மலேசியாவில் கோலாலம்பூருக்கு அருகே ஜென்ஜாரோம் என்ற சிற்றூரில், செம்பனைத் தோட்டங்களுக்கிடையே அனுமதியற்ற ஆலைகள் முளைத்து இரவில் பிளாஸ்டிக்கை எரித்தன. பிலிப்பைன்ஸ், கனடாவிலிருந்து வந்த 69 கொள்கலன்களை 2019 மே மாதம் திருப்பி அனுப்பியது. பாசல் சமவாயமும் விழித்துக்கொண்டு, அழுக்கான, கலப்பான பிளாஸ்டிக் கழிவுக்கும் முன்சம்மத விதியை 2021 முதல் விரிவாக்கியது. தாய்லாந்து 2025இல் பிளாஸ்டிக் கழிவு இறக்குமதியையே தடை செய்தது. ஒவ்வொரு நாடும் தன் வாசலை மூடுகின்றது. ஊற்றை மூடத்தான் ஆளில்லை.

மேற்கை மட்டும் திட்டிவிட்டுப் போவது எமக்குப் பழகிப்போன சுகம். 2018 ஜூலையில் பிலிப்பைன்ஸின் மின்டனாவோத் தீவில் வந்திறங்கிய ஐயாயிரத்துக்கும் அதிகமான தொன் கழிவு எங்கிருந்து வந்தது? தென்கொரியாவிலிருந்து. பிளாஸ்டிக் செதில்கள் என்று ஆவணம் சொன்னது. குப்பைக்குப் பை அளவில் கட்டணம் அறவிடும் முறையை 1995இலும், உற்பத்தியாளர் தமது பொருளின் கழிவுக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்ற சட்டமுறையை 2003இலும் நடைமுறைப்படுத்திய நாடு அது. ஆசிய மாநாடுகளில் எமக்குப் பாடம் நடத்தும் முன்மாதிரி மாணவன். முன்மாதிரி மாணவனே பக்கத்து வீட்டு மதிலுக்கு மேலால் குப்பையை எறிந்தான் என்றால், பாடத்தில்தான் ஏதோ குறை இருக்க வேண்டும்.

ஜப்பானைப் பற்றி நியாயமாகவே பேச வேண்டும். அங்கு 2000ஆம் ஆண்டில் வளச் சுழற்சிச் சமுதாயத்துக்கான அடிப்படைச் சட்டம் வந்தது. 2001 ஏப்ரல் முதல் குளிரூட்டி, தொலைக்காட்சி, குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம் ஆகிய நான்கையும் வீசுபவர் மீள்சுழற்சிக் கட்டணம் செலுத்த வேண்டும்; விற்ற கடை திரும்ப எடுக்க வேண்டும்; தயாரித்த நிறுவனம் பிரித்தெடுக்க வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சீட்டு ஒட்டப்பட்டு, அது ஆலை வரை பின்தொடரப்படுகின்றது. இந்தச் சட்டம் வேலை செய்வதற்கு ஜப்பானியரின் ஒழுக்கமே காரணம் என்று எம்மவர்கள் வியப்பார்கள். ஒழுக்கம் இருக்கட்டும், பணம் யாருடைய பையிலிருந்து வருகின்றது என்று சட்டம் பெயர் சொல்லி எழுதியிருக்கின்றது, அதுதான் காரணம். அங்கும் ஓட்டை இருந்தது. வீசும்போது கட்டணம் என்றால் களவாக வீசுபவர்கள் தோன்றுவார்கள். ஆகவேதான் வாகனங்களுக்கான சட்டம் 2005இல் நடைமுறைக்கு வந்தபோது கட்டணத்தை வாங்கும்போதே அறவிட்டார்கள். பழைய மின்பொருட்கள் கலப்பு உலோகக் கழிவு என்ற பெயரில் கப்பலேறி வெளியேறுவதைத் தடுக்க 2017இல் சட்டத்தையும் திருத்த வேண்டியிருந்தது.

“ஏழை நாடுகளுக்கு மூலப்பொருள் வேண்டாமா? தொழில் வேண்டாமா?” என்று கேட்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. வேண்டும். மீள்சுழற்சியிலேயே மிகச் சிறந்தது கப்பல் உடைப்பு என்று நானும் ஒப்புக்கொள்வேன். ஒரு பழைய கப்பலில் வீணாகிப்போவது மிகச் சொற்பம். பங்களாதேஷின் சீதாகுண்டாக் கரையில் உடைபடும் கப்பலின் தகடுகள் உருக்காலைக்குப் போய்க் கட்டடக் கம்பியாகின்றன. கதிரையும் கழுவு தொட்டியும்கூடத் தெருவோரக் கடைகளில் விலைபோகின்றன. இரும்புத் தாதை அகழ்ந்து உருக்குவதை விட எத்தனையோ மடங்கு சக்தி மிச்சம். எடையால் அளந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு புள்ளி கொடுக்கலாம்.

ஆனால் பாக்கிஸ்தானின் கடானிக் கரையில் 2016 நவம்பர் முதலாந் திகதி, எண்ணெய் எச்சம் அகற்றப்படாத ஒரு தாங்கிக் கப்பல் வெடித்து 26 தொழிலாளர்களுக்குக் குறையாமல் மாண்டார்களே, அவர்களை எந்த வினைத்திறன் அட்டவணையின் எந்தப் பத்தியில் எழுதுவது? கப்பல் உடைப்புக்கான ஹொங்கொங் சமவாயம் 2009இல் நிறைவேற்றப்பட்டது. அது நடைமுறைக்கு வந்தது 2025 ஜூன் 26ஆம் திகதி. பதினாறு ஆண்டுகள்! கப்பல் முதலாளிகளுக்குச் செலவு வைக்கும் சட்டம் என்றால் நத்தை வேகம்.

இப்போதைய நாகரிகம் சான்றிதழ். இந்தியா 2022இல் பிளாஸ்டிக் பொதிக்கான உற்பத்தியாளர் பொறுப்பு விதிகளை வெளியிட்டது. நிறுவனங்கள் தாமே கழிவைச் சேகரிக்காமல், மீள்சுழற்சி ஆலைகளிடமிருந்து சான்றிதழ் வாங்கிக் கணக்குக் காட்டலாம். மறு ஆண்டே அந்நாட்டின் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒரு சில ஆலைகளைச் சோதித்தபோது சுமார் ஆறு இலட்சம் போலிச் சான்றிதழ்கள் அகப்பட்டன. குப்பை தெருவில், மீள்சுழற்சி கணினியில். தில்லியிலும் சென்னையிலும் விடியுமுன் தெருவில் இறங்கி உண்மையாகவே பிளாஸ்டிக்கைப் பொறுக்கியவர்களின் கைக்கு அந்தச் சான்றிதழ்களின் விலையில் ஒரு சதமாவது போய்ச் சேர்ந்திருக்குமா? எமது ஒழுங்கைகளில் பழைய பேப்பர், போத்தல், இரும்பு என்று கூவிக்கொண்டு வருபவரும் அதே சாதித் தொழிலாளிதான். கையுறையோ காப்புறுதியோ ஓய்வூதியமோ அவருக்கு இல்லை. அவர் இல்லாவிட்டால் இந்த நாட்டின் மீள்சுழற்சிப் புள்ளிவிபரமும் இல்லை. கொள்கைப் பத்திரங்கள் அவரை ‘முறைசாராத் துறை’ என்று அழைத்து ஒரு பந்தியில் முடித்துவிடுகின்றன.

ஆகவே ஆலோசகர்களின் வரைபடங்கள் ஒருபுறம் இருக்கட்டும். பொருள் சந்தைக்கு வரும் நாளிலேயே உற்பத்தியாளரிடமும் இறக்குமதியாளரிடமும் கட்டணத்தை அறவிடுங்கள். அந்தப் பணத்தைச் சேகரிப்பவரின் கைவரை கணக்குக் காட்டிக் கொண்டுபோங்கள். எத்தனை தொன் சேகரித்தோம் என்பதோடு, பதப்படுத்திய பின் எஞ்சிய சக்கை எத்தனை தொன், அது எந்தக் குழியில் விழுந்தது என்பதையும் ஒவ்வொரு ஆலையும் பகிரங்கமாக எழுதட்டும். மீள்சுழற்சிக்கு என்று வரும் எந்தக் கொள்கலனுக்கும் சுங்கச் சட்டத்திலிருந்து விலக்கு வேண்டாம். இவற்றுள் எதற்கும் புதிய தொழில்நுட்பம் தேவையில்லை. கம்பனிகளோடு முகம் கொடுத்துப் பேசும் துணிவு தேவை. அது எந்த அமைச்சிலும் கையிருப்பில் இல்லை.

எல்லை கடந்த குப்பையைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு, எல்லைக்குள் நடப்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு தினத்தன்று, மீதொட்டமுல்லக் குப்பைமலை சரிந்து 32 பேரைப் புதைத்தது. அதன் பிறகு கொழும்பின் குப்பைக்கு ஆட்சியாளர்கள் கண்டுபிடித்த தீர்வு, சுமார் 170 கிலோமீற்றர் தொலைவிலுள்ள புத்தளம் மாவட்டத்தின் அருவக்காடு. ஒரு பக்கம் சீமெந்துத் தொழிற்சாலை, மறுபக்கம் நுரைச்சோலை அனல்மின் நிலையம் என்று ஏற்கெனவே நாட்டுக்காகப் புகையையும் தூசியையும் சுவாசித்துக்கொண்டிருந்த மக்கள் மாதக்கணக்கில் வீதியில் அமர்ந்து வேண்டாம் என்றார்கள். 2019 ஓகஸ்ட் மாதம் லொறிகள் போயின. ஒக்டோபர் 7ஆம் திகதி அங்கே ஒரு வெடிப்பு நிகழ்ந்தது.

பிரித்தானிய மெத்தைகள் விடயத்தில் தேசாபிமானத்தோடு பொங்கிய கொழும்பின் ஆசிரிய தலையங்கங்களை நான் வாசித்திருக்கின்றேன், நல்ல தலையங்கங்கள். அவற்றை எழுதியவர்கள், கொழும்பு மாநகரின் ஒவ்வொரு லொறிக் குப்பைக்கும் புத்தளத்து மக்களிடம் யார் சம்மதம் பெற்றார்கள், ஒரு தொன்னுக்கு அந்த மக்களுக்கு என்ன கொடுத்தார்கள் என்று மாநகரசபையிடமும் அமைச்சிடமும் ஒருமுறை கேட்டு, பதிலை அதே பக்கத்தில் அச்சிடட்டும்.